பெட்டிக்கு முன் பொந்து: மார்த்தாண்டத்துத் தேனீ வளர்ப்பின் எழுதப்படாத பாதி

இந்தியாவின் நவீனத் தேனீ வளர்ப்பு வரலாறு, பெரும்பாலும் பெட்டியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1851-இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத், அடைகளுக்கிடையே தேனீக்கள் விட்டுவைக்கும் இடைவெளியைக் கணித்து, கழற்றி மாட்டக்கூடிய சட்டங்களைக் கொண்ட பெட்டியை அமைத்தார். 1880-களில் தபால் தந்தித் துறையைச் சேர்ந்த ஜான் டக்ளஸ் அதனை இந்தியச் சூழலில் முயன்று பார்த்து, ஒரு கையேடும் எழுதினார். 1910-களில் தென்னிந்தியாவில் பணியாற்றிய கிறித்தவக் குரு நியூட்டன், உருவில் சிறிய இந்தியத் தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை வடிவமைத்துப் பலருக்குப் பயிற்சி அளித்தார். 1920-களில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நிறுவிய கிராமப் புனரமைப்பு மையம் அப்பெட்டியை ஏழைக் குடும்பங்களின் வீட்டு முற்றங்களுக்குக் கொண்டுசென்றது. விடுதலைக்குப் பின் 1953-இல் அமைந்த அகில இந்தியக் கதர் கிராமத் தொழில் வாரியமும், அதன் பின்வந்த ஆணையமும் அதே பணியை நாடளாவியதாக்கின.

இந்த வரிசை பிழையானதன்று, ஆனால் முழுமையானதுமன்று. பெட்டி யாரால் செய்யப்பட்டது, யாரால் பரப்பப்பட்டது என்று இவ்வரலாறு விரிவாகச் சொல்கிறது. அதனுள் குடியேறிய தேனீக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி அது அதிகம் பேசுவதில்லை. தச்சன் பெட்டியைத்தான் செய்ய முடியும். கூட்டத்தைச் செய்ய முடியாது. மார்த்தாண்டத்தில் அந்தக் கூட்டம் வந்தது மரப்பொந்திலிருந்தும் பாறை இடுக்கிலிருந்தும் கரையான் விட்டுச்சென்ற புற்றிலிருந்தும்தான். பெட்டியின் வரலாற்றுக்கு முன்னும் அடியிலும் பொந்தின் வரலாறு ஒன்று இருக்கிறது.

இதற்கு முதற்காரணம் இந்தியத் தேனீயின் இயல்பே. அடுக்குத் தேனீ என்றும் அறியப்படும் இவ்வினம், இருண்ட பொந்துகளில் பல அடைகளை அடுத்தடுத்துக் கட்டி வாழ்வது. திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீயையும் கொம்புத் தேனீயையும் பெட்டிக்குள் நிலையாக வைத்திருக்க இயலாது. அடுக்குத் தேனீயை வைத்திருக்கலாம். ஆயினும் அது மாடு, ஆடு போன்று வீட்டு விலங்காக மாறிய உயிரன்று. பூவளம் மிகுந்து கூட்டம் பெருகும்போது பழைய ராணி பணித்தேனீக்களில் ஒரு பகுதியை அழைத்துக்கொண்டு வெளியேறும். தாய்க்கூட்டில் புதிய ராணி பிறக்கும். இது குடி பிரிதல். உணவு அற்றுப்போனாலோ, மெழுகு அந்துப்பூச்சி அடையை அரித்தாலோ, எறும்பும் வெயிலும் தொல்லை தந்தாலோ மொத்தக் கூட்டமும் அடைகளை விட்டுவிட்டுப் பறந்துவிடும். இது குடி ஓடுதல். முன்னது பெருக்கத்தின் அடையாளம். பின்னது துயரத்தின் அடையாளம். பெட்டி வைத்திருந்தவருக்கோ இரண்டும் இழப்புதான். ஆகவே தேனீ வளர்ப்பு என்பது ஆண்டுதோறும் இழந்ததை ஆண்டுதோறும் மீண்டும் பிடித்து நிரப்பும் தொழிலாகவே அங்கு வேரூன்றியது.

மார்த்தாண்டம் அதற்கு வாய்ப்பான ஊர். தொடுவெட்டி என்னும் பழைய பெயரால் அறியப்பட்ட அவ்வூரின் சந்தை, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக்கும் கடற்கரைக்கும் இடையில் அமைந்தது. சுற்றிலும் பனை, தென்னை, புளி, பலா, அயினி, முந்திரி ஆகியவை கலந்து நின்ற தோட்டங்கள். கிழக்கே சிறிது தொலைவில் காடு. ஒய்.எம்.சி.ஏ.வின் கே. டி. பால் முன்னெடுத்த கிராமப் புனரமைப்புச் சிந்தனையை அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் இங்கே செயற்படுத்தினார். தேனீ, கோழி, பனைவெல்லம் போன்ற சிறுதொழில்கள் அவருடைய திட்டத்தில் இடம்பெற்றன. நிலமற்றவருக்கும் துண்டு நிலம் மட்டுமே உடையவருக்கும் தேனீ குறிப்பாகப் பொருந்தியது. அதற்கு மேய்ச்சல் நிலம் தேவையில்லை. பிறருடைய மரத்தில் பூத்த பூ போதும். 1932-இல் வெளிவந்த ஹாட்சின் நூல், இந்த அனுபவத்தை உலகளாவிய கிராம மேம்பாட்டு உரையாடலுக்குள் கொண்டுசென்றது.

பெட்டியைக் கையாளும் முறையை மையம் கற்பித்தது. கூட்டம் இருக்கும் இடத்தைக் கண்டறியும் அறிவோ அதற்கு முன்பே ஊரில் இருந்தது. பனையேறியும் விறகு பொறுக்குபவரும் ஆடு மேய்ப்பவரும் அதற்குச் சொந்தக்காரர்கள். நீர்நிலையில் நீர் குடித்துத் திரும்பும் பணித்தேனீ எத்திசையில் பறக்கிறது என்று பார்த்துப் பின்தொடர்வது, பொந்தின் வாயில் படிந்த மெழுகின் வழவழப்பைக் கொண்டு அது பழங்கூடா புதுக்கூடா என்று தெரிந்துகொள்வது, மாலைச் சாய்வெயிலில் தேனீக்களின் போக்குவரத்தை வைத்துக் கூட்டத்தின் வலுவை மதிப்பது ஆகியவை பயிற்சி வகுப்பில் பிறந்த அறிவல்ல.

பிடிக்கும் முறையும் நுட்பமானது. தேங்காய்க் கதம்பையின் மெல்லிய புகையைப் பொந்துக்குள் செலுத்தினால் தேனீக்கள் அடையை விட்டு ஒதுங்கும். அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, தேன் நிறைந்த பகுதியை நீக்கி, புழு வளரும் பகுதியை மட்டும் மரச்சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டுவர். சில நாட்களில் தேனீக்களே அடையைச் சட்டத்தோடு மெழுகால் இணைத்துவிட்டு, நாரைக் கடித்து அகற்றிவிடும். ராணியைக் கண்டு பெட்டிக்குள் சேர்ப்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ராணி சேர்ந்துவிட்டால் மற்றவை தாமே வந்து சேரும். பிரிந்து வெளியேறிய கூட்டம் மரக்கிளையில் கொத்தாகத் தொங்கினால் வேலை இன்னும் எளிது. வயிறு நிறையத் தேன் குடித்துப் புறப்பட்ட அத்தேனீக்கள் எளிதில் கொட்டுவதில்லை. ஆனால் வேவுத் தேனீக்கள் புதிய இடத்தைத் தேர்ந்துவிட்டால் கூட்டம் பறந்துவிடும். அந்தச் சிறிய கால இடைவெளிக்குள் கூடையோ பானையோ கொண்டு அதனை இறக்க வேண்டும். பிறகு சில நாள் சர்க்கரைப் பாகு. ராணி வெளியேறாதபடி வாயிலில் ஒரு தடுப்பு. இவற்றையெல்லாம் தவிர, உட்புறம் மெழுகு பூசிய பழம்பானையை மரக்கிளையில் கட்டிவைத்துக் கூட்டம் தானே வந்தடையக் காத்திருக்கும் வழியும் உண்டு.

இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையன்று என்பது கவனிக்கத்தக்கது. பொந்திலிருந்து பிடிக்கப்பட்ட கூட்டம் பெட்டியில் வளர்ந்தது. பெட்டியிலிருந்து பிரிந்த குடி மீண்டும் பொந்தை அடைந்தது. தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடையே ஓயாத கொடுக்கல் வாங்கல் ஒன்று நிகழ்ந்தது. பெட்டிக்குள் இருந்தபோது தேனீ ஒருவருடைய சொத்து, பறந்துவிட்டால் யாருடையதுமல்ல, பிடித்தவருடையது. நிலவுடைமையால் கூர்மையாகப் பிளவுண்டிருந்த ஒரு சமூகத்தில், நிலமற்றவர் முதலீடின்றி அடையக்கூடிய மிகச்சில உற்பத்திச் சாதனங்களுள் ஒன்றாகத் தேனீக்கூட்டம் இருந்ததற்கு இதுவே அடிப்படை. காட்டுக்குள் நிலைமை வேறு. 1927-இன் இந்திய வனச்சட்டம் தேனையும் மெழுகையும் வனப்பொருள் என வரையறுத்தது. வேலிக்குள் பொதுவாக இருந்த ஒன்று, காட்டின் எல்லையைத் தாண்டியதும் அரசின் உடைமையாகிவிடும்.

பிடித்த கூட்டம் நிலைத்திருப்பதோ சுற்றுவட்டாரத்துப் பூக்களைப் பொறுத்தது. தென்திருவிதாங்கூரின் ஆண்டுச் சுழற்சி தெளிவானது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில் மகரந்தம் பெருகி, கூட்டத்தில் புழு வளர்ப்பு மிகும். ஆண்டின் இறுதியை நெருங்கும்போது குடி பிரியும். தை தொடங்கிப் பங்குனி, சித்திரை வரை தேன் வரத்துக் காலம். தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்கள் பஞ்ச காலம். அந்த மழை மாதங்களைக் கடக்கக் கூட்டத்திற்குத் துணை நின்றவை, ஒரே சமயத்தில் பூத்துக் குலுங்கும் மரங்களல்ல. சிறிது சிறிதாக, மாறிமாறிப் பூப்பவை. ஆண்டு முழுவதும் பாளை விரிக்கும் தென்னையும், முருங்கையும், வேலியோரச் செடிகொடிகளும், களை என்று பிடுங்கி எறியப்படும் தொட்டாற்சிணுங்கியும் தேனீயின் பஞ்ச கால உணவுக் களஞ்சியங்கள். தேன் வியாபாரத்தின் கணக்கில் இவற்றுக்கு மதிப்பில்லை; கூட்டத்தின் உயிர்க் கணக்கில் இவையே முதன்மையானவை.

இந்நிலத்தில்தான் ரப்பர் பரவியது. 1902-இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் தொடங்கிய வணிக ரப்பர் சாகுபடி, பின்வந்த பதிற்றாண்டுகளில் திருவிதாங்கூரின் மலையடிவாரமெங்கும் படர்ந்து, பெருந்தோட்டங்களிலிருந்து சிறு உடைமையாளரின் துண்டு நிலங்கள் வரை வந்தடைந்தது. இலையுதிர்த்த ரப்பர் மரம் தை, மாசியில் மீண்டும் தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் கூடுமிடத்திலுள்ள சுரப்பிகளில் மதுரம் ஊறுகிறது. பூவிலிருந்தன்றி இலையிலிருந்து வரும் தேன் அது. ஏக்கர் ஏக்கராக ஒரே நாட்களில் தளிர்க்கும் தோட்டத்தில் அந்த மதுரத்தின் அளவு மிகப்பெரிது. மார்த்தாண்டத்துத் தேனீ வளர்ப்பாளர்கள் பெட்டிகளை வண்டியேற்றி, தோட்டம் தோட்டமாக வடக்கு நோக்கிக் கேரளம் வரை செல்லும் இடப்பெயர்ச்சி வளர்ப்பு இந்த மதுரத்தின் மீதே எழுந்தது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது மாநில எல்லை மாறியது. பெட்டி வண்டிகளின் பாதை மாறவில்லை.

ஆகவே ரப்பர் தேனீ வளர்ப்பை வளர்த்தது என்று சொல்வது உண்மை. அதே மூச்சில் மற்றோர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். இலைச் சுரப்பி மதுரம் தருமேயன்றி மகரந்தம் தராது. மகரந்தமின்றிப் புழு வளராது. தளிர் முற்றி மதுரம் நின்றதும் அதே தோட்டம் தேனீக்குப் பாலை. இலைச்சாம்பல் நோய்க்காகத் தளிர்ப் பருவத்தில் கந்தகம் தூவப்படும்போது அந்தச் சில வாரங்களும் பாதிக்கப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பால் வற்றிய ரப்பர் மரம் ஏறக்குறைய 25, 30 ஆண்டுகளில் வெட்டப்பட்டு, அவ்விடத்தில் புதுக்கன்று நடப்படுகிறது. அம்மரம் பொந்து விழும் அளவுக்கு முதுமை அடைவதில்லை. கிளை முறிந்து, மழைநீர் இறங்கி, உள்மரம் உளுத்து, ஒரு தேனீக்கூட்டம் குடியேறும் அளவுக்குக் குழிவு உண்டாக வேண்டுமெனில், ஒரு புளியோ அயினியோ பல தலைமுறைகள் வெட்டப்படாமல் நிற்க வேண்டும்.

தேன் தரும் மரம் வேறு, குடி தரும் மரம் வேறு என்னும் வேறுபாடு இங்கேதான் துலங்குகிறது. பழைய கலப்புத் தோட்டத்தில் இவ்விரண்டும் ஒரே நிலத்தில் நின்றன. ஒரே மரமே இரண்டையும் தந்ததும் உண்டு. ரப்பர் முதலாவதைப் பெருக்கி இரண்டாவதைக் குறைத்தது. தேனின் அளவு உயர்ந்தவரை இந்தக் குறைவு எவர் கண்ணிலும் படவில்லை. பிடிப்பதற்குக் கூட்டம் அருகியபோது, வளர்ப்பாளர் பெட்டிக்குள்ளேயே கூட்டத்தைப் பிரித்துப் பெருக்கும் முறையைச் சார்ந்தார். கூட்டம் விலைக்கு வாங்கும் பொருளாயிற்று. முன்பு உழைப்பையும் அறிவையும் மட்டும் கேட்ட தொழில், இப்போது நுழைவதற்கே பணம் கேட்கும் தொழிலானது. அத்தோடு, பெட்டி வைக்கத் தோட்ட உரிமையாளரின் அனுமதியும் தேவைப்பட்டது.

இது மார்த்தாண்டத்துக்கு மட்டும் உரிய கதையன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்னும் வடக்கே, குடகு நாட்டின் சந்தை ஊரான விராஜ்பேட்டையிலும் 1930-களில் தேன் உற்பத்தியாளர் கூட்டுறவு வேரூன்றியது. குடகில் தேனீக்கு வாழ்விடம் தந்தவை மூன்று: காடு, தேவரகாடு எனப்படும் கோயிற்காடுகள், காப்பித் தோட்டத்தின் நிழல் மரங்கள். மார்ச் மாத வாக்கில் பெய்யும் பூமழைக்குப் பின் காப்பி சில நாட்கள் மட்டுமே வெள்ளை வெளேரெனப் பூக்கும். ரொபஸ்டா காப்பி தன் மகரந்தத்தால் தானே கருவுறாது என்பதால், அதன் விளைச்சலில் காற்றோடு தேனீக்கும் பங்குண்டு. அத்தேனீ ஆண்டின் எஞ்சிய நாட்களில் உயிர்வாழ்வது நாவல் முதலிய பழம்பெரும் நாட்டு மரங்களை நம்பித்தான்.

அந்த நாட்டு மரங்களின் கதியைத் தீர்மானித்தது தேனோடு தொடர்பே இல்லாத ஒரு வருவாய்ச் சட்டம். குடகில் அரசுக்கு மரமதிப்பைச் செலுத்தி மீட்கப்படாத நிலங்களில், நிலத்தை அனுபவிப்பவருக்கு நாட்டு மரங்களின் மீது முழு உரிமை கிடையாது. தான் நட்ட ஆஸ்திரேலியச் சில்வர் ஓக் மரத்தையோ அவர் தடையின்றி வெட்டி விற்கலாம். மிளகுக் கொடி ஏற்றவும் ஏதுவான சில்வர் ஓக், நாட்டு மரங்களின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்ததில் வியப்பில்லை. சில்வர் ஓக் பூவிலும் மதுரம் உண்டு. ஆனால் நேராக ஓங்கி, தடிமரம் ஆனதும் விற்கப்படும் அம்மரத்திலும் பொந்து விழ நேரமில்லை. ஓரிடத்தில் உலகச் சந்தையின் ரப்பர் விலை செய்ததை, மற்றோரிடத்தில் மர உரிமைச் சட்டம் செய்தது. இரு இடத்திலும் தேனீ வளர்ப்பாளரின் கருத்து கேட்கப்படவில்லை. கேட்கப்பட வேண்டிய ஒருவராக அவர் கருதப்படவுமில்லை.

காந்தியப் பொருளியல் மரபில் தேனீக்குத் தனி இடமுண்டு. தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, சிறையிலிருந்து எழுதி 1945-இல் வெளியிட்ட நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், இயற்கையில் காணும் பொருளாதார வகைகளைப் பகுத்துக் காட்டினார். எடுத்துக்கொள்வதற்கு ஈடாகத் தானும் ஒன்றைத் தரும் உயிருக்கு அவர் காட்டிய உதாரணம் தேனீ: அது மதுரத்தைப் பெறுகிறது; பூவைக் கருவுறச் செய்கிறது. தேனீயைப் பற்றி இது சரி. தேனீ வளர்ப்பைப் பற்றியும் இது சரியாக இருக்க வேண்டுமெனில், கூட்டம் தந்த பொந்துக்கு என்ன திரும்பித் தரப்பட்டது என்ற கேள்வி எழுகிறது. பழைய கலப்புத் தோட்டத்தில் பிரிந்து பறந்த குடியே அந்தக் கடனைத் தீர்த்தது. பறந்து சென்றடையப் பொந்தில்லாத நிலத்தில் அந்தக் கணக்கு முறிகிறது.

கணக்கு முறிந்ததன் விளைவை 1991-92 வெளிப்படுத்தியது. தாய் சாக்புரூட் எனப்படும் வைரஸ் நோய் தென்னிந்தியாவெங்கும் பரவி, பெட்டிகளிலிருந்த இந்தியத் தேனீக்கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்தது. நோயுற்ற புழு நீர் நிறைந்த பை போலாகி மடியும். அடுத்த தலைமுறைப் பணித்தேனீ இல்லாமல் கூட்டம் சிதையும். பெட்டிகளை நெருக்கமாக அடுக்கி, தோட்டம் விட்டுத் தோட்டம் கொண்டுசென்ற முறையே நோய் பரவவும் வழி வகுத்தது. மார்த்தாண்டத்திலும் குடகிலும் பல வீடுகளில் காலிப் பெட்டிகள் மிஞ்சின. தொழில் பின்னர் மெல்ல மீண்டது. நோயைத் தாங்கி எஞ்சிய கூட்டங்களிலிருந்தே மீண்டது. அக்கூட்டங்களில் மனிதர் கண்காணிப்புக்கு வெளியே, பொந்துகளிலும் பாறை இடுக்குகளிலும் இருந்தவையும் அடங்கும். பெட்டி தன் வரலாற்றிலிருந்து விலக்கிவைத்த பொந்திடமே கடைசியில் கையேந்த வேண்டியிருந்தது.

இதே நெருக்கடி வேறொரு விடைக்கும் வேகம் தந்தது. 1960-களின் தொடக்கத்தில், இன்றைய இமாசலப் பிரதேசத்தின் நக்ரோட்டாவில் ஏ. எஸ். அட்வால் குழுவினர் இத்தாலியத் தேனீயை வெற்றிகரமாகக் குடியமர்த்தியிருந்தனர். வடஇந்தியாவில் அது வேகமாகப் பரவியது. 1990-களுக்குப் பின் தெற்கிலும் கவனம் பெற்றது. இத்தேனீ எளிதில் குடி ஓடாது; தேனும் பல மடங்கு தரும். ஆனால் இதைப் பொந்திலிருந்து பிடிக்க முடியாது, வாங்கத்தான் வேண்டும். பெருங்கூட்டமாக வாழும் அதற்குக் கடுகு, சூரியகாந்தி போன்ற பரந்த பூவளம் வேண்டும். பஞ்ச காலத்தில் சர்க்கரையும் வேண்டும். ஏழையின் முற்றத்துக்கு ஏற்றதென்று தொடங்கிய தொழில், இந்த இனத்தோடு முதலீட்டுத் தொழிலாக உருமாறுகிறது.

2020-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கதர் கிராமத் தொழில் ஆணையமும் பெட்டிகளையும் கூட்டங்களையும் வழங்கி வருகிறது. நலத்திட்டங்களுக்கு எண்ணத்தக்க பொருள் ஒன்று தேவை; பெட்டி அதற்கு வசதியானது. ஹாட்சின் காலம் தொட்டு இன்றுவரை பெட்டி எண்ணப்பட்டதற்கும் பொந்து எண்ணப்படாததற்கும் காரணம் இதுவே. ஆவணக் காப்பகத்தில் தேனீ வளர்ப்பைத் தேடும் ஆய்வு மாணவர், கூட்டுறவுச் சங்கங்களின் பேரேடுகளோடு நின்றுவிட்டால் அந்தப் பாதியையே மீண்டும் எழுத நேரும். மற்ற பாதி வேறு கோப்புகளில் சிதறிக் கிடக்கிறது: மரம் வெட்ட அனுமதி கோரும் மனுக்களில், நிலவரித் திட்டப் பதிவேடுகளில், ரப்பர் மறுநடவு மானியக் கணக்குகளில், சாலை அகலப்படுத்த ஏலம் விடப்பட்ட புளிய மரங்களின் பட்டியல்களில். அவற்றில் தேன் என்ற சொல் எங்கும் இராது. ஆயினும் ஒரு சந்தை ஊரில் அடுத்த ஆண்டு பிடிப்பதற்குக் கூட்டம் இருக்குமா என்பது முடிவானது அந்தக் காகிதங்களில்தான்.